மலையேற அனுப்பலாமா?

"மலையேறவா? குரங்கணி மறந்து போச்சா?" பெண் அனுமதி கேட்ட அன்று தங்கமணி போட்ட முதல் குண்டு இது.

மறக்கவில்லை. 2018 மார்ச் 11, தேனி மாவட்டக் காட்டுத்தீ. 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்காகப் பிள்ளைகளை டியூஷனுக்கும் டிவிக்கும் நடுவே பூட்டி வைப்பதா?

இங்கே புனேயில் ஞாயிறு காலை சிங்ககட் ஏறுவது, நம்மூரில் கோயிலுக்குப் போகிற மாதிரி. கிரிபிரேமி என்ற உள்ளூர் மலையேற்றக் குழு 2012-ல் எவரெஸ்ட்டையே தொட்டது. எல்லாம் சஹ்யாத்ரியில் நடந்து பழகிய கால்கள்.

நான் சொல்வது இதுதான். வாட்ஸ்அப்பில் காசு வாங்கிக்கொண்டு கூட்டிப் போகும் கும்பல் வேண்டாம். பாதையை முன்பே நடந்து பார்த்தவர், வனத்துறை அனுமதி, முதலுதவி தெரிந்த ஆள், வானம் கறுத்தால் "திரும்புங்க" என்று சொல்லும் தலைவர். இந்த நாலும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் தைரியமாக அனுப்புங்கள்.

போன மழைக்காலத்தில் ராஜ்கட் பாதி வழியில் மழை வலுத்தது. தலைவர் எல்லோரையும் இறக்கிக் கூட்டி வந்துவிட்டார். பெண்ணுக்கு ஒரே அழுகை.

தங்கமணி கேட்டது ஒன்றுதான்: "அவர் அடுத்த வாட்டி எப்போ கூட்டிட்டுப் போறார்?"