விதைக்கு இட்ட வேலி

2022ஆம் ஆண்டு யூன் மாதத்தில், நாடு டொலரின்றித் தவித்துக்கொண்டிருந்த வேளையில், அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. அரசாங்க ஊழியர் மூன்று மாத காலத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் தங்கித் தோட்டம் செய்யலாம் என்பதே அம்முடிவு. முந்திய ஆண்டிலே இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்திக் கமக்காரனைக் கலங்கடித்த அதே ஆட்சி, இப்போது எழுதுவினைஞனின் கையில் மண்வெட்டியைக் கொடுத்தது. விடுமுறையைச் சுற்றறிக்கையால் உண்டாக்கலாம். விதையைச் சுற்றறிக்கையால் உண்டாக்க முடியுமா? இந்த வெள்ளிக்கிழமை ஊன்றவேண்டிய விதைக்காகச் சென்ற போகத்திலேயே யாரோ ஒருவர் ஒரு காயைக் கறிக்குப் பறிக்காமல் கொடியில் முற்றவிட்டிருக்க வேண்டும். அந்த வழக்கம் கைவிடப்பட்ட வீடுகளில் விடுமுறை இருந்தது, மண் இருந்தது, பசியும் இருந்தது. விதைக்கு மட்டும் கடை வாசலிலே காத்து நிற்க வேண்டியிருந்தது.

மரக்கறி விதையைச் சேமிப்பதும் அயலாரோடு மாற்றிக்கொள்வதும் ஓய்வூதியம் பெற்றோரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் எம்மிடையே உளர். கூலிப் போராட்டமும் காணிப் போராட்டமும் இருக்கக் கத்தரி விதையைப் பற்றி எழுதுவதா எனப் புன்னகைக்கும் தோழர்களும் உளர். அவர்களுக்கு நாம் கூறுவது இதுதான்: உற்பத்திச் சாதனங்கள் யார் கையில் என்று ஓயாது கேட்கும் நாம், உற்பத்திச் சாதனங்களுள் முதலாவதான விதை யார் கையில் என்று கேட்க மறந்துவிட்டோம்.

விதை இயற்கையின் கொடை என்று கவிஞர் பாடலாம். பொருளியல் நோக்கில் அது உழைப்பின் திரட்சி. கத்தரியின் காட்டு உறவுகள் முள்ளும் கசப்பும் உடையவை. அவற்றைக் கறிக்காயாக்கியது எக்கம்பனியின் ஆய்வுகூடமும் அன்று. திரட்சியான காயொன்றைக் கண்டு, “இது விதைக்கு” என்று துணித்துண்டு கட்டி அடையாளமிட்டவள். பழுத்தபின் பிளந்து, கழுவி, சாம்பல் பிரட்டி, நிழலில் உலர்த்தியவள். சுரைக்குடுக்கையிலோ போத்தலிலோ அடைத்து அடுப்புப் புகை படும் இடத்திலே வைத்தவள் — அந்தப் பெண்ணின் தெரிவு, நூற்றுக்கணக்கான தலைமுறைகளாகத் தொடர்ந்த தெரிவு, இன்று நாம் உண்ணும் ஒவ்வொரு மரக்கறியிலும் உறைந்துள்ளது. அவள் பெயரை எவரும் பொறித்து வைக்கவில்லை. அவளுக்குக் கூலி கொடுத்தவரும் இல்லை. புதிய இனங்களை ஆக்கும் கம்பனிகள் தமக்கு வேண்டிய மூலப்பொருளை இந்தப் பெயரற்ற உழைப்பிலிருந்தே பெற்றன. வாங்கியபோது அது மனிதகுலத்தின் பொதுச்சொத்து. வர்ணப் பைக்கற்றில் திரும்பி வரும்போது தனியுடைமை. இதனைச் சுரண்டல் என்றழைக்க வேறு எந்த இலக்கணம் வேண்டும்?

கலப்பின விதையைப் பழிப்பது எமது நோக்கமன்று. ஒரே காலத்தில் ஒரே அளவாகக் காய்க்கும் தக்காளி, சந்தைக்குச் சரக்கனுப்பும் கமக்காரனுக்கு உதவுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன் அமைப்பை விளங்கிக்கொள்ள வேண்டும். தனித்தனியே பேணப்பட்ட இரு பெற்றோர் வழிகளைச் சேர்த்துப் பெறும் முதல் தலைமுறையே அது. அதன் காயிலிருந்து விதை எடுத்து ஊன்றினால், மெண்டல் 1866இல் வெளியிட்ட ஆய்வு காட்டியபடி, பிள்ளைகள் பல சாயலாகப் பிரிவர். ஆகவே பூட்டு செடிக்குள்ளேயே இடப்பட்டுள்ளது. திறப்பு பெற்றோரை வைத்திருக்கும் கம்பனியின் பையில் இருக்கிறது. அந்தப் பையோ நாளுக்கு நாள் பெருத்து வருகிறது. 2017இல் சீன அரசின் இரசாயனக் கம்பனி சின்ஜென்டாவை வாங்கியது. 2018இல் பேயர் மொன்சான்டோவை வாங்கியது. பூச்சிமருந்து விற்பவனே விதையையும் விற்கும் உலகில், மருந்து தேவைப்படாத செடியை உருவாக்க அவனுக்கு என்ன அவசரம்?

“அப்படியானால் விஞ்ஞானத்தை விட்டுப் பாட்டியின் குடுக்கைக்குத் திரும்புவதா?” என்று கேட்பர். இது பொய்யான கேள்வி. மகா இலுப்பள்ளமை ஆராய்ச்சி நிலையத்தின் எம்.ஐ. 2 மிளகாயும், திருநெல்வேலி ஊதா எனப் பெயர்பெற்ற கத்தரியும் விஞ்ஞானத்துக்குப் புறம்பானவையா? அவை விதை எடுத்து மீண்டும் ஊன்றத்தக்க இனங்கள். ஒருமுறை வாங்கியவர் மறுமுறை அயலாருக்குக் கொடுக்கலாம். பொதுப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி இத்தகைய திறந்த இனங்களை மேன்மேலும் தரவேண்டும் என்பதே எமது கோரிக்கை. விஞ்ஞானம் வேண்டுமா வேண்டாமா என்பதில் எமக்கு ஐயமில்லை. யாருக்குப் பணிசெய்யும் விஞ்ஞானம் என்பதிலேயே வழக்கு.

செடிக்குள் இட்ட பூட்டுப் போதாதென்று சட்டத்தாலும் பூட்டுவர். ஐரோப்பியப் பொதுச்சந்தை 1970இல் மரக்கறி விதைக்குப் பொதுப்பட்டியல் வகுத்தது. தனித்தன்மை, ஒருமை, நிலைபேறு ஆகிய மூன்றையும் நிரூபித்துப் பட்டியலில் ஏறாத இனத்தின் விதையை விற்கலாகாது என்பது விதி. ஒருமையில்லாமையே பழைய இனங்களின் பலம். அதுவே அவற்றின் குற்றமாயிற்று. பிரான்சிலே கொக்கோபெல்லி என்ற சங்கம் வீட்டுத் தோட்டக்காரருக்குப் பழைய இனங்களின் விதையை விற்றபோது, விதைக் கம்பனியொன்று அதனை நீதிமன்றுக்கு இழுத்தது. பட்டியல் விதி செல்லும் என ஐரோப்பிய நீதிமன்றம் 2012 யூலையில் தீர்ப்பளித்தது. இடையிடையே சில சலுகைகள் கிடைத்தபோதும், பொதுவுடைமையான இனங்களின் விதையைப் பட்டியலுக்கு வெளியே வீட்டுத் தோட்டக்காரருக்கு விற்கலாம் என்று பிரான்சின் பாராளுமன்றம் சட்டமியற்றியது 2020 யூனிலேதான். ஒரு பிடி தக்காளி விதைக்கு அரை நூற்றாண்டு வழக்கு!

அயலிலே இந்தியா 2001இல் இயற்றிய சட்டம், விதையைச் சேமிக்கவும் மாற்றவும் பகிரவும், வணிகப் பெயரிடாமல் விற்கவும் உழவருக்கு உரிமையுண்டு எனத் தெளிவாக எழுதிவைத்தது. அவ்வாறு எழுதியிருந்தும், 2019இல் பெப்சிகோ கம்பனி குஜராத்தின் உருளைக்கிழங்கு உழவர் நால்வரிடம் ஆளுக்கு ஒரு கோடி ரூபாவுக்கு மேல் நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தது. நாடெங்கும் கண்டனம் எழவே மே மாதத்தில் அதனைக் கைவிட்டது. உரிமை எழுதப்பட்ட இடத்திலேயே இந்நிலை என்றால், எழுதப்படாத இடத்தின் நிலை யாது? எமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் விதையின் தரத்தைப் பற்றியது. முளையாத விதையை விற்று ஏமாற்றுவோரிடமிருந்து கமக்காரரைக் காப்பது நியாயமே. ஆனால் கடைக்கு வகுத்த விதி, வேலிக்கு மேலால் நீட்டும் கைப்பிடி விதைமீது ஒருநாளும் பாயலாகாது. 2018இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற கமக்காரர் உரிமைப் பிரகடனத்தின் 19ஆம் உறுப்புரை விதைக்கான உரிமையைக் கூறுகிறது. இனி இங்கு வரும் எந்தச் சட்டத்திலும் அந்த உரிமை முதல் வாசகமாக இடம்பெற வேண்டும்.

இனி வேறொரு வாதம்: “கன்னொறுவையில் அரசின் மரபுவளக் களஞ்சியம் இருக்கிறது, வடதுருவத்தருகே சுவால்பாரில் 2008 முதல் உலகக் களஞ்சியமே இருக்கிறது, வீட்டுக்காரருக்கு ஏன் இந்தக் கவலை?” களஞ்சியங்களின் அருமையை நாம் அறிவோம். லெனின்கிராட் முற்றுகையின்போது, விதைகள் நிறைந்த அறைகளுக்குள்ளே பட்டினியால் மடிந்த சோவியத் விஞ்ஞானிகளை எண்ணித் தலைவணங்குகிறோம். அதே மூச்சில் மற்றொன்றையும் சொல்லாவிட்டால் நாம் நேர்மையாளர் ஆகோம். அக்களஞ்சியத்தைக் கட்டியெழுப்பிய வாவிலோவ் 1940இல் கைதுசெய்யப்பட்டு, 1943 சனவரியில் சராத்தவ் சிறையில் இறந்தார். அவரைச் சிறையிலிட்டது எதிரிப் படையன்று, அவர் பணிபுரிந்த அரசே. முற்போக்காளர் இதனை மறைத்தல் தகாது. ஒரே அரசின் ஒரே அறையில் ஒரு மக்களின் விதை முழுவதையும் ஒப்படைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதே அவர் வாழ்வு தரும் பாடம்.

மேலும், விதை விதைக்கப்படுவதாலேயே வாழ்வது. சாதாரண வீட்டு வெப்பத்தில் வெங்காய விதையின் உயிர் ஓரிரு ஆண்டுகளில் குன்றிவிடும். 1990 முதல் வலிகாமம் வடக்கின் காணிகள் உயர்பாதுகாப்பு வலயத்துள் இரு தசாப்தங்களுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தன. அங்கே அழிந்தவை வீடுகளும் கிணறுகளும் மட்டுமல்ல. குடுக்கையில் இருந்த விதை அயலூரில் ஒரு கைக்கேனும் போயிருந்தால் பிழைத்தது; போயிராவிட்டால் இறந்தது. கொடுக்கப்பட்ட விதையே காக்கப்பட்ட விதை.

ஆயினும் பழமையைப் பார்த்துப் பரவசமடைவோரோடும் நாம் சேரமாட்டோம். அன்று ஊரெல்லாம் விதையைப் பகிர்ந்து ஒரு குடும்பமாய் வாழ்ந்தது என்று எழுதுகிறார்களே, எந்த ஊர் அது? பூசணிக்கொடி வேலியைத் தாண்டியது. அதன் விதை சாதியைத் தாண்டியதா? கொள்வினை கொடுப்பினை நடந்த வளவுகளுக்குள்ளேதான் பெரும்பாலும் நல்ல விதையும் நடமாடியது. பிறர் தோட்டத்துக்கு நீரிறைத்தவனுக்குச் சொந்தக் கிணறில்லை. பொதுக்கிணற்றிலும் அள்ள விடவில்லை. மலையகத்திலே லயன் அறை வாசலில் நாலடி மண்ணில் கீரை போட்ட தொழிலாளிக்கு, அந்த நாலடியும் தோட்டத்துரையின் தயவில் இருந்தது. விதையைப் பற்றிப் பேசுபவன் மண்ணையும் நீரையும் பற்றிப் பேசாவிட்டால் அவன் பேச்சு பதர். நாம் மீட்க வேண்டியது பழைய விதைகளை. பழைய வேலிகளை அன்று.

இங்கேதான் செடியின் இயல்பே எமக்கு ஓர் அரசியலைக் கற்பிக்கிறது. தக்காளியும் போஞ்சியும் பயற்றையும் பெரும்பாலும் தம் மகரந்தத்தாலேயே காய்ப்பவை. அவற்றைத் தனியொருவர் காத்துவிடலாம். பூசணி, பாகல், புடோல் ஆகியவை தேனீயையும் பிற பூச்சிகளையும் நம்பியவை. தேனீ வேலியை அறியாது. உறுதியையும் வாசித்துப் பார்ப்பதில்லை. அயல் வளவில் வேறு பூசணி பூத்தால் எமது பூசணியின் விதை கலந்துவிடும். இரண்டொரு கொடியிலிருந்து மட்டும் தொடர்ந்து விதை எடுத்தாலோ, காலப்போக்கில் அந்த வழியே மெலிந்துபோகும். ஆகவே நல்ல பூசணி விதை வேண்டுமாயின் அயலாரோடு பேசி, யார் எதை ஊன்றுவது என உடன்பட்டு, பலர் வளவில் விளைந்ததை ஒன்றுசேர்த்துப் பகிர வேண்டும். தனியுடைமையாளன் எவ்வளவு உயரமாக மதில் கட்டினாலும் தனித்து நின்று தன் பூசணியைக் காக்க முடியாது. மாற்றிக்கொள்ளுதல் தருமமோ தயவோ அன்று. அது விதையின் தேவை.

செய்யவேண்டியது என்ன? ஊர்தோறும் சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் உள்ளன. புத்தகம் இரவல் கொடுக்கும் அலுமாரியில் ஒரு தட்டை விதைக்கு ஒதுக்குவோம். ஒரு பிடி எடுத்தவர் அறுவடையின்பின் இரு பிடி திருப்பித் தரட்டும். எந்த வளவில், எந்தப் போகத்தில், எந்த மண்ணில் விளைந்தது என்று ஒரு கொப்பியில் எழுதப்படட்டும். விதையைக் காத்த பெண்ணின் பெயரும் இம்முறை எழுதப்படட்டும். பாடசாலைத் தோட்டம் போட்டிக்கும் பரிசளிப்புக்கும் உரிய காட்சிப்பொருளாக இராமல், மாணவர் விதை எடுக்கும் களமாகட்டும். மெண்டலின் விதியைக் கரும்பலகையில் மட்டும் படித்த பிள்ளை, கலப்பினத் தக்காளியின் விதையை ஊன்றிப் பிரிந்து வரும் செடிகளைத் தன் கண்ணால் காணட்டும். இன்ன சாதியார், இன்ன ஊரார் என்று கேளாமல் கொடுப்பதே இந்த அலுமாரியின் முதல் விதியாகட்டும்.

ஆசிரியரே, மாணவரே! இதனால் நாளையே கம்பனிகள் நடுங்கிவிடும் என்று நாம் கூறவில்லை. பெருந்தோட்டமும் பெருஞ்சந்தையும் கைமாறப் பெரும் போராட்டங்கள் வேண்டும். ஆனால் அடுத்த போகத்துக்கு எதை ஊன்றுவது என்று தானே தீர்மானிக்க இயலாத மக்கள் எந்தப் போராட்டத்திலும் நெடுநாள் நிலைத்து நிற்கமாட்டார். இந்தப் போகத்தின் முதல் நல்ல காயைச் சமையலுக்குப் பறிக்காதீர்கள். அது கொடியிலேயே முற்றட்டும். அதன் விதையில் பாதியை வைத்திருங்கள். மறுபாதியை இதுவரை நீங்கள் எதுவும் கொடுத்திராத ஒருவருக்குக் கொடுங்கள்.