பந்தயம் தொடங்கும் முன்பே கணக்குக் கேட்போம்

744 கோடி ரூபாய். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே. 2010இல் டெல்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளுக்காகப் பட்டியல் சாதி மக்களின் துணைத் திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டதாக அம்பலமான தொகை இது.

அந்தப் போட்டி என்றால் இன்றைக்கும் பலருக்கு நினைவுக்கு வருவது சுரேஷ் கல்மாடியும் ஊழலும்தான். ஒரு டாய்லெட் பேப்பர் ரோலுக்கு நாலாயிரம் ரூபாய் என்ற செய்தியை நாடே பேசியது. சேரி மாணவனின் உதவித்தொகைக்கும் சேரிக்கு வரவேண்டிய குடிநீருக்கும் உரிய பணம் மைதானத்துக்குப் போனதை எத்தனை பேர் பேசினார்கள்?

இப்போது ஏன் இதைக் கிளற வேண்டும்? 2030 காமன்வெல்த் போட்டிகள் அகமதாபாத்துக்குக் கிடைத்துவிட்டன. 2025 நவம்பரில் கிளாஸ்கோவில் முடிவாகிவிட்டது. 2036 ஒலிம்பிக்கை நடத்த விருப்பம் தெரிவித்து 2024 அக்டோபரிலேயே கடிதம் போய்விட்டது. தேசப் பெருமை, உலக அரங்கு, வல்லரசு என்று இனிமேல் வரிசையாகப் பேசுவார்கள். அந்தச் சத்தத்தில் காணாமல் போகப்போவது எது என்பதை டெல்லியின் அனுபவம் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

முதலில் அந்தப் பணம் எப்படிப் போனது என்பதைப் புரிந்துகொள்வோம். யாரும் பெட்டியை உடைத்துத் திருடவில்லை. எல்லாம் கோப்புகளில், கையெழுத்தோடு நடந்தது.

1979–80இல் சிறப்பு உட்கூறுத் திட்டம் என்ற ஏற்பாடு வந்தது. அதன் அடிப்படை எளிமையானது. மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் எத்தனை விழுக்காடோ, திட்டச் செலவில் குறைந்தது அத்தனை விழுக்காடு அவர்களுக்கென்று தனியாக ஒதுக்கப்பட வேண்டும். டெல்லியில் அது கிட்டத்தட்ட 17 விழுக்காடு. அந்தப் பணத்தை வேறு வேலைக்குத் திருப்பக் கூடாது, செலவாகவில்லை என்று காலாவதியாக்கவும் கூடாது என்று திட்டக் குழுவின் வழிகாட்டுதல்களே சொல்லின. பின்னர் இதற்குப் பட்டியல் சாதியினர் துணைத் திட்டம் என்று பெயர் வந்தது.

இந்த விதியை ஏமாற்றுவதற்குத் துறைகளுக்கு ஒரு பழைய வழி உண்டு. நூறு கோடியில் ஒரு மேம்பாலம் கட்டுவார்கள். 'இந்தப் பாலத்தில் தலித்துகளும்தானே போவார்கள்' என்று சொல்லி, அதில் 17 கோடியைத் துணைத் திட்டச் செலவாக எழுதிவிடுவார்கள். காகிதத்தில் ஒதுக்கீடு முழுமையாக இருக்கும். சேரிக்கு ஒரு செங்கல்கூட வந்திருக்காது.

டெல்லியில் நடந்தது இதைவிட மோசம். வீடு மற்றும் நில உரிமைகளுக்கான கூட்டமைப்பு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்டுப் பெற்ற ஆவணங்களின்படி, 2006–07 முதல் 2010–11 வரை 744 கோடி ரூபாய் துணைத் திட்டத்திலிருந்து காமன்வெல்த் செலவுக்குத் திருப்பிவிடப்பட்டது. தலித் மனித உரிமைகளுக்கான தேசிய இயக்கமும் மற்ற தலித் அமைப்புகளும் இதைக் கையில் எடுத்துப் போராடின. நாடாளுமன்றத்தில் அமளி ஆனது. அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் மாநிலங்களவையில் சுமார் 678 கோடி திருப்பிவிடப்பட்டதை ஒப்புக்கொண்டார். அது தவறு என்றும், பணத்தைத் திரும்பச் சேர்க்க நடவடிக்கை எடுப்பதாகவும் சொன்னார்.

744ஆ, 678ஆ என்ற வித்தியாசம் கணக்காளர்களுக்கு முக்கியமாக இருக்கலாம். நமக்கு முக்கியம், தவறு நடந்ததை ஓர் ஒன்றிய அமைச்சரே அவையில் ஏற்க வேண்டிவந்தது என்பதுதான். ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 744 கோடி என்பது 3,72,000 மாணவர்களின் ஓராண்டுப் படிப்பு.

இங்கே தேதிகளையும் கவனியுங்கள். டெல்லிக்குப் போட்டி கிடைத்தது 2003 நவம்பரில், ஜமைக்காவின் மாண்டிகோ பே நகரில். கனடாவின் ஹாமில்டனை 46க்கு 22 என்ற வாக்குகளில் வென்றோம். உறுப்பு நாடுகள் 72க்கும் தலா ஒரு லட்சம் டாலர் தருவதாக இந்தியா அங்கே வாக்களித்தது. அன்றைக்கு ஆட்சியில் இருந்தது வாஜ்பாய் அரசு. நடத்தி முடித்தது மன்மோகன் அரசு. டெல்லியை ஆண்டது ஷீலா தீட்சித் அரசு. கட்சி மாறினாலும் மனநிலை மாறவில்லை. துணைத் திட்டப் பணம் வெளியேறத் தொடங்கியது 2006–07இல். அது மக்களுக்குத் தெரிந்தது 2010இல். நான்கு நிதிநிலை அறிக்கைகள் நம் கண் முன்னாலேயே கடந்து போயின. நாம் சத்தம் போட்டபோது மைதானத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே இந்தக் கொள்ளை போட்டி நடக்கும் பன்னிரண்டு நாளில் நடப்பதில்லை. தயாரிப்பு ஆண்டுகளில், யாரும் பார்க்காத பட்ஜெட் பக்கங்களில் நடக்கிறது. தொடக்க விழா நாளில் கறுப்புக் கொடி காட்டுவது தேவைதான். ஆனால் அதற்குள் பணம் கான்கிரீட்டாகிவிடும்.

பணம் மட்டுமா போனது? வீடுகளும் போயின. போட்டியை ஒட்டி டெல்லியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியிருப்புகளிலிருந்து அகற்றப்பட்டதாக அதே கூட்டமைப்பு மதிப்பிட்டது. இதில் நமக்கு நெருக்கமான ஒரு பக்கம் உண்டு. ஜங்புரா பகுதியில், பாராபுல்லா வாய்க்கால் ஓரம், தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போன தலித் குடும்பங்கள் வாழ்ந்தன. வீட்டு வேலை, துப்புரவு வேலை, கட்டட வேலை என்று அந்த நகரத்தைத் தாங்கியவர்கள். 2010 ஏப்ரலில் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் வீடுகளைப் புல்டோசர் தரைமட்டமாக்கியது. எதற்கு? வாகனம் நிறுத்தும் இடத்துக்கு. பன்னிரண்டு நாள் போட்டிக்கு வரும் கார்கள் நிற்க, பல ஆண்டுகள் அங்கே வாழ்ந்த மனிதர்கள் நகர வேண்டியிருந்தது.

2025 ஜூனில் அதே ஜங்புராவில் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதற்குச் சொல்லப்பட்ட காரணம் வேறு: வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்ற உயர் நீதிமன்ற உத்தரவு. விளையாட்டு, வாய்க்கால், அழகுபடுத்தல் என்று காரணம் மாறிக்கொண்டே இருக்கும். இடிக்கப்படும் வீடு மட்டும் மாறுவதில்லை.

அடுத்தது, கட்டியவர்களின் கூலி. இதற்கு 2010க்கும் முன்னால் போக வேண்டும். 1982இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அன்றைக்குக் குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஆள் பிடித்துக் கொடுத்த ஜமேதார் கமிஷனாக எடுத்துக்கொண்டார். தொழிலாளி கையில் வந்தது 8 ரூபாய் 25 காசு. ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் இதை ஒரு கடிதமாக நீதிபதி பகவதிக்கு எழுத, உச்ச நீதிமன்றம் அதையே வழக்காக எடுத்துக்கொண்டது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பு வந்தது. இன்றைக்கும் கொத்தடிமை வழக்குகளில் நாம் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அதுதான். சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் அதை ஒருமுறை முழுமையாகப் படியுங்கள். ஒரு விளையாட்டு விழாவின் ஒரு ரூபாய்த் திருட்டிலிருந்து பிறந்த தீர்ப்பு அது.

அந்தத் தீர்ப்பு வந்து 28 ஆண்டுகள் கழித்து அதே டெல்லியில், அதே சங்கமும் மற்ற அமைப்புகளும் காமன்வெல்த் கட்டுமானத் தொழிலாளர்களின் கூலிக்கும் பாதுகாப்புக்கும் மறுபடி உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. போட்டிக்குச் சில நாள் முன்பு நேரு மைதானம் அருகே நடைபாலம் இடிந்து இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். ஊடகங்களோ அந்த வாரம் முழுக்க, வீரர்கள் தங்கும் அறைகளின் கழிப்பறை சுத்தமாக இல்லையே என்றுதான் அதிகம் கவலைப்பட்டன.

'அப்படியானால் விளையாட்டே வேண்டாம் என்கிறீர்களா?' என்று கேட்பார்கள். வேண்டாம் என்று நாம் ஏன் சொல்ல வேண்டும்? ஓடுவதிலும் உதைப்பதிலும் நம் பிள்ளைகள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. வந்தனா கட்டாரியா டோக்கியோ ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தார். அரையிறுதியில் அணி தோற்றதும் அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள். பதக்கம் வந்தால் நாட்டுக்குச் சொந்தம், தோல்வி வந்தால் சாதிக்குச் சொந்தம். இப்படிப்பட்ட நாட்டில் சேரிக்கு ஒரு விளையாட்டுத் திடலும், பள்ளிக்கு ஓர் உடற்கல்வி ஆசிரியரும், விடுதிப் பிள்ளைக்குச் சத்தான சோறும் கேட்பதுதான் உண்மையான விளையாட்டுக் கொள்கை. அதற்கான பணத்தைப் பிடுங்கி அரங்கம் கட்டிவிட்டு 'நாட்டுக்கே பெருமை' என்றால், அந்த நாட்டில் நாம் இருக்கிறோமா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இன்னொரு வாதமும் வரும்: 'இப்போதுதான் சட்டம் இருக்கிறதே!' ஆந்திராவும் கர்நாடகாவும் 2013இல் துணைத் திட்டத்துக்குத் தனிச் சட்டம் இயற்றின. தமிழ்நாட்டில் 2024இல் வந்தது. இவை போராடிப் பெற்றவை, மதிப்போம். ஆனால் சட்டம் இருந்த கர்நாடகாவிலேயே 2023–24இல் 11,000 கோடிக்கு மேல் துணைத் திட்ட நிதி பொதுவான உத்தரவாதத் திட்டங்களுக்குக் கணக்குக் காட்டப்பட்டது. ஒன்றிய அளவில் இன்றுவரை சட்டமே இல்லை. 2017–18இல் திட்டச் செலவு, திட்டமல்லாச் செலவு என்ற பிரிவையும் எடுத்துவிட்டார்கள். எதன் விழுக்காடு என்று கேட்பதே இப்போது கடினமாகிவிட்டது.

எனவே 2030க்குக் காத்திருக்க வேண்டாம். இப்போதே தொடங்கக்கூடிய வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, பட்ஜெட் ஆவணம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பட்டியல் சாதியினர் துணைத் திட்டத்துக்கான சிறுதலைப்பு எண் 789, பழங்குடியினருக்கு 796. விளையாட்டு, பொதுப்பணி, நகர்ப்புற வளர்ச்சித் துறைகளின் பக்கங்களில் இந்த எண்களைத் தேடுங்கள். ஒன்றிய பட்ஜெட்டில் 10ஏ, 10பி என்ற அறிக்கைகளைப் பாருங்கள். இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும்.

இரண்டு, ஆண்டுதோறும் தகவல் உரிமை மனு போடுங்கள். போட்டிக்கான எந்தச் செலவும் 789இன் கீழ் வருகிறதா என்பது ஒரே வரிக் கேள்வி. 2010இல் உண்மையை வெளியே கொண்டுவந்தது இப்படிப்பட்ட கேள்விதான்.

மூன்று, அகமதாபாத்தில் இருக்கும் தலித் அமைப்புகளோடும் கட்டடத் தொழிலாளர் சங்கங்களோடும் இன்றே தொடர்பு வையுங்கள். எந்தக் குடியிருப்பு அகற்றப்படும், மாற்று இடம் எங்கே என்ற பட்டியலை இடிப்பதற்கு முன்பே வெளியிடு என்று சேர்ந்து கேளுங்கள்.

நான்கு, கட்டுமானத் தொழிலாளர் ஒவ்வொருவரும் நலவாரியத்தில் பதிவு செய்யப்பட வேண்டும், கூலி இடைத்தரகர் கை படாமல் நேராகக் கையில் சேர வேண்டும் என்பதை ஒப்பந்த நிபந்தனையாக்கச் சொல்லுங்கள்.

டெல்லிப் போட்டிக்கு மொத்தம் 18,532 கோடி செலவானதாகக் கணக்குத் தணிக்கைத் துறை மதிப்பிட்டது. அவ்வளவு பணம் புழங்கிய இடத்தில்கூட இல்லாதவனின் 744 கோடியும் தேவைப்பட்டிருக்கிறது. பணப் பற்றாக்குறை இதற்குக் காரணமில்லை. எடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற துணிச்சல்தான் காரணம்.

அந்தத் துணிச்சல் இந்த முறை வரக் கூடாது. அடுத்த பட்ஜெட் வரும் நாளில் கையில் பென்சிலோடு உட்காருங்கள். 789ஐத் தேடுங்கள்.

ஜெய்பீம்.