முதியோர் இல்லத்துக்குள் தொற்று எப்படி நுழைகிறது? தடுப்பூசி யாருக்கெல்லாம் வேண்டும்?

விடியற்காலையில் லோயர் கேம்ப்பில் நின்றால், ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு குமுளி மலைப்பாதையில் ஏறும் ஜீப்புகளைப் பார்க்கலாம். கம்பம் பள்ளத்தாக்கில் பல குடும்பங்களின் பிழைப்பு இதுதான். படித்த பிள்ளைகள் சென்னை, பெங்களூரு என்று போய்விடுகிறார்கள். ஊரில் மிஞ்சுவது வயதான அப்பா, அம்மா. சிலர் தனியாக, சிலர் முதியோர் இல்லத்தில்.

கொரோனா காலத்தில் 2021 ஆகஸ்ட் 5 முதல், கேரளாவிலிருந்து தமிழகம் வருவோர் இரண்டு டோஸ் தடுப்பூசிச் சான்றோ, ஆர்டிபிசிஆர் 'நெகட்டிவ்' முடிவோ காட்ட வேண்டியிருந்தது. மாநில எல்லையில் காட்டிய அந்தக் கவனம் முதியோர் இல்ல வாசலுக்கும் தேவை. கொரோனாவுக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு மழைக்காலமும் வரும் ஃப்ளூ காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் சேர்த்துத்தான்.

தொற்றைக் கொண்டுவருவது யார்?

படுக்கையில் இருக்கும் பாட்டி வெளியே போய் நோயை வாங்கி வருவதில்லை. பார்த்துக்கொள்பவர்களும் பார்க்க வருபவர்களும்தான் வழி. 2020 பிப்ரவரி இறுதியில் அமெரிக்காவின் கிர்க்லாந்து நகரில் ஒரு முதியோர் பராமரிப்பு மையத்தில் கொரோனா கண்டறியப்பட்டது. மார்ச் 18-க்குள் அந்த மையத்தோடு தொடர்புடைய 167 பேருக்குத் தொற்று: 101 பேர் அங்கே தங்கியிருந்தவர்கள், 50 பேர் ஊழியர்கள், 16 பேர் பார்க்க வந்தவர்கள். உடம்பு சரியில்லாமலே வேலைக்கு வந்ததும், ஒரே ஊழியர் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்ததும் பரவலுக்குக் காரணங்களாக விசாரணையில் சொல்லப்பட்டன.

வாசலில் காய்ச்சல் பார்த்தால் போதாதா?

போதாது. அதே பகுதியில் இன்னொரு இல்லத்தில் 76 முதியவர்களைப் பரிசோதித்தபோது 23 பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் 13 பேருக்கு அன்று எந்த அறிகுறியும் இல்லை. வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். திடீர் குழப்பம், சாப்பிட மறுப்பது, சோர்வு மட்டுமே தெரியலாம். 'வயசாயிடுச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோம்.

முதியவருக்கு மட்டும் ஊசி போட்டால்?

வயது ஏற ஏற, தடுப்பூசிக்கு உடல் காட்டும் எதிர்வினை குறைகிறது. ஊசி கடும் நோயையும் மரணத்தையும் குறைக்கும். ஆனால் முழுக் கவசம் ஆகாது. எனவே சமைப்பவர், துடைப்பவர், குளிப்பாட்டுபவர் எல்லோருக்கும் ஊசி வேண்டும். கூடவே, காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவு. ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற பயத்தில் இருமிக்கொண்டே வேலைக்கு வருபவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

எங்கே கோட்டை விட்டோம்?

60 வயது கடந்தவர்களுக்கான கொரோனா தடுப்பூசி 2021 மார்ச் 1-ல் தொடங்கியது. ஆனால் முதியோர் இல்லம் போன்ற இடங்களிலேயே முகாம் நடத்த மத்திய சுகாதாரத் துறை வழிகாட்டுதல் தந்தது மே 27-ல். இடைப்பட்ட மூன்று மாதத்தில்தான் இரண்டாம் அலை அடித்தது. நடக்க முடியாதவரை வரிசைக்கு வரச் சொன்னதற்கான விலை அது.

இனி என்ன செய்யலாம்?

தேசியத் தடுப்பூசித் திட்டம் பெரும்பாலும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்குமானது. முதியவர்களுக்கு ஃப்ளூ ஊசி ஆண்டுக்கு ஒருமுறை வேண்டும், வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால். நிமோகாக்கல் ஊசி, வகையைப் பொறுத்து ஒன்று அல்லது இரண்டு டோஸ். தனியாரில் இரண்டையும் போட ஆயிரக்கணக்கில் செலவாகும். ஆதரவற்றோர் இல்லங்களுக்கு அது கட்டுப்படியாகாது.

லோயர் கேம்ப்பிலிருந்து தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் க.விலக்குக்கு 60 கி.மீ.க்கு மேல். மூச்சுத்திணறலோடு அந்தத் தூரம் போவதைவிட, ஊசி இங்கே வருவது எளிது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதே பாதையில் மழைக்காலத்துக்கு முன் தடுப்பூசியும் ஒவ்வொரு இல்லத்துக்கும் இலவசமாக வர வேண்டும். இல்லங்களை ஆய்வு செய்யும் அதிகாரிகள், ஊழியர்களின் தடுப்பூசிப் பதிவேட்டையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை போன் பண்ணும்போது 'சாப்பிட்டாங்களா?' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'அம்மாவுக்கு ஊசி போட்டாச்சா? பார்த்துக்கிற அக்காவுக்கும் போட்டாச்சா?' என்றும் கேளுங்கள். சளி, இருமல் இருந்தால் அந்த வாரம் நேரில் போகாதீர்கள். வீடியோ கால் போதும்.