கலத்தின் அமைப்பும் மருத்துவ அறமும்

உயிர்க்கலம் ஒன்றினுள் நிகழ்வனவற்றை அறிந்து வியவாதார் இல்லை. இவ்வியப்பையே ஆதாரமாக்கி, கலம் தானாகத் தோன்றியிருக்க முடியாது, அறிவுடைய ஒருவரின் வடிவமைப்பே அது என வாதிடுவோர் மேற்கு நாடுகளில் உளர். எமது பிள்ளைகள் பாடசாலையில் கூர்ப்புக் கொள்கையைக் கற்று வீடு திரும்புகையில் இவ்வாதமும் உடன் வருகிறது.

இவர்கள் அதிகம் எடுத்துக்காட்டுவது பக்ரீரியாவின் சவுக்குமுளையை. ஏறத்தாழ 40 வகைப் புரதங்களாலான இச்சுழல் இயந்திரத்தில் ஒன்றை நீக்கினும் அது இயங்காது, ஆகவே படிப்படியாக உருவாகியிருக்க இயலாது என அமெரிக்க உயிரிரசாயனவியலாளர் மைக்கேல் பெஹே 1996இல் நூலொன்றில் எழுதினார். எலிப்பொறியை உவமை காட்டினார். உவமை அழகானதே. ஆயினும் பிளேக் கிருமி எமது கலங்களுள் நச்சுப் புரதங்களைச் செலுத்தும் ஊசி போன்ற உறுப்பு, சவுக்குமுளையின் அடிப்பகுதியை ஒத்த புரதங்களைக் கொண்டது. முழு இயந்திரம் இன்றியும் அதன் பகுதி வேறு தொழில் செய்யக்கூடும் என்பது இதனாற் புலனாகும். 2005 டிசம்பர் 20இல், பென்சில்வேனியாவின் டோவர் பாடசாலை வழக்கில், பெஹேயின் சாட்சியத்தையும் செவிமடுத்த நீதிபதி ஜோன் ஜோன்ஸ், இக்கொள்கை விஞ்ஞானம் அன்று எனத் தீர்ப்பளித்தார்.

எமது கவலை வேறு. கலம் வடிவமைக்கப்பட்டது, ஆகவே அது புனிதமானது, ஆகவே முளையத்தின் கலங்களை ஆய்வுக்கு எடுத்தல் தகாது என்பர் சிலர். முளையம் பற்றிய கேள்வி அற்பமானதன்று; அதனை நேர்நின்று விவாதிக்க வேண்டும். வடிவமைப்பே புனிதத்துக்குச் சான்றெனின் வாந்திபேதிக் கிருமியும் புனிதமே. அதுவும் சவுக்குமுளை கொண்டே நீந்துகிறது. 1994இல் கோமாவில் ருவாண்டா அகதிகள் ஆயிரக்கணக்கில் அக்கிருமிக்கு இரையாயினர். அங்கு நோயாளருக்கு உப்புக்கரைசல் ஏற்றிய மருத்துவர் எந்த வடிவமைப்பை மதித்திருக்க வேண்டும்?

கலம் வெறும் இரசாயனம், ஆகவே எடுத்தவர்க்கே அது உரியது என்பாரும் இதே தவற்றையே புரிகின்றனர். 1951இல் பால்டிமோர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலைக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயுடன் வந்த ஹென்றியெட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணின் கலங்கள், அவரைக் கேளாமலே ஆய்வுக்கு எடுக்கப்பட்டன. அவர் அவ்வாண்டே மறைந்தார். கலங்களோ ஆய்வுகூடங்களில் இன்றும் பெருகுகின்றன. போலியோத் தடுப்பூசிச் சோதனைக்கும் உதவின. குடும்பத்தார் இதை அறிந்தது 1970களில். அக்கலங்களால் இலாபமீட்டிய நிறுவனமொன்று 2023இல்தான் அவர்களுடன் இணக்கத்துக்கு வந்தது. இவ்வநீதியை உணரக் கலத்தைப் படைத்தவர் யார் என அறிய வேண்டியதில்லை. அவரைக் கேட்கவில்லை என்பது போதும்.

அகதிகளுக்கு இது தூரத்துச் செய்தியன்று. குடும்ப இணைவு விண்ணப்பங்களில் உறவை நிரூபிக்கக் கன்னத்தின் உட்புறக் கலங்களைக் கேட்கும் நாடுகள் உள. 1985இல் பிரித்தானியாவில் கானாக் குடும்பமொன்றின் சிறுவனைத் தாயுடன் வாழவைத்தது மரபணுப் பரிசோதனையே. அதன் பயனை நாம் மறுக்கோம். ஆனால், மறுத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுமோ என அஞ்சி இடும் ஒப்பம் எவ்வளவு சுதந்திரமானது? போரில் பெற்றோரை இழந்த தமக்கையின் பிள்ளையைத் தன் பிள்ளையாகவே வளர்த்த தாய்க்கு அப்பரிசோதனை என்ன சொல்லும்? மாதிரி எவ்வளவு காலம் வைக்கப்படும், எவர் கைக்குச் செல்லும் என்பவற்றை மொழிபெயர்ப்பாளர் வாயிலாகக் கேட்டறிந்த பின்னரே எம்மவர் ஒப்பமிட வேண்டும். அவ்விளக்கத்தைத் தமிழில் தருவது மாதிரியைக் கேட்கும் அதிகாரிகளின் கடமை.