இரவல் எஞ்சின் இழுக்கல்ல

டிசி அவந்தி, 2012 ஜனவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் அறிமுகமான இந்திய விளையாட்டுக் கார். எஞ்சின் இருக்கைகளுக்கும் பின் அச்சுக்கும் நடுவே அமைந்தது. அந்த 2 லிட்டர் டர்போ எஞ்சின் பிரான்சின் ரெனோ நிறுவனத்துடையது. ஆகவே அது இந்தியக் காரே அல்ல என்னும் வாதம் வரலாற்றின் முன் நிற்காது.

சாலைக்கென விற்பனைக்கு வந்த நடு எஞ்சின் கார்களில் முன்னோடியான 1962-ஆம் ஆண்டின் ரெனே பொன்னே ஜெட், ரெனோ எஞ்சினில்தான் ஓடியது. 1966-இல் வந்த பிரிட்டனின் லோட்டஸ் யூரோப்பாவும் அப்படியே. இத்தாலியின் டி டொமாசோ பந்தேராவை அமெரிக்க ஃபோர்டின் வி8 எஞ்சின் இயக்கியது. அதன் இத்தாலியப் பிறப்பை அதனால் யாரும் மறுப்பதில்லை.

புது எஞ்சினை உருவாக்கப் பெருமுதலும் பல்லாண்டு உழைப்பும் வேண்டும். சிறு நிறுவனங்களுக்கு அது எட்டாது. சட்டகம், உடல்வடிவம், எடைப் பகிர்வு ஆகியவையே அவற்றின் கைத்திறன். அவந்தியை எடைபோட வேண்டியதும் இம்மூன்றைக் கொண்டுதான்.