பிரித்தலும் பூட்டலும்

பொருளைச் செய்வோர் ஒரு சாரார். அதனைப் பயன்கொள்வோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரையும் உலகம் நன்கு அறியும். செய்தவர் பெயர் பொருளின் மேல் பொறிக்கப்படுகிறது. வாங்கியவர் பெயர் உரிமைச் சீட்டில் எழுதப்படுகிறது. இவர்களுக்கு இடையே மூன்றாவது சாரார் ஒருவர் உளர். பழுதுற்ற பொருளைப் பிரித்துக் குறை கண்டு, அதனை நீக்கி மீண்டும் பூட்டித் தருவோர் அவர். அவர் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை. செய்தவர் பொருளின் பிறப்பை அறிவர். பயன்கொள்வோர் அதன் உழைப்பை அறிவர். பழுது பார்ப்போரோ அதன் பிறப்பு, உழைப்பு, மூப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே அறிவர். ஆதலின், பழுது பார்த்தல் தாழ்ந்த தொழில் என்பது பொருந்தாது. அஃது அறிவை வளர்க்கும் பயிற்சியே ஆகும். இவ்வுண்மைக்கு ஓர் எடுத்துக்காட்டை அமெரிக்க நாட்டு வாழ்க்கையில் காணலாம்.

அந்நாட்டில் வீட்டை ஒட்டி மோட்டார் வண்டிக்கென ஒரு கொட்டகை அமைத்தல் பெருவழக்கு. வண்டி நிறுத்த எழுந்த அவ்விடம் பலருக்குத் தொழிற்கூடமாகவும் பயன்படுகிறது. விடுமுறை நாள்களில் அங்கே பழைய வண்டிகளைத் தம் கையாலேயே செப்பனிடுவோர் பலர். எஞ்சினைப் பிரிக்க அஞ்சாத இவர்களுள்ளும், தானே மாறும் கியர்ப் பெட்டியைத் திறக்க அஞ்சுவோர் மிகுதி. அதனுள் நூற்றுக்கணக்கான உறுப்புகள் அடங்கியிருப்பதே அவ்வச்சத்துக்குக் காரணம்.

எஞ்சின் விரைந்து சுழல்வது. ஆனால் நின்ற வண்டியைப் பெயர்க்க வேண்டிய சக்கரமோ, மெல்லச் சுழன்று மிக்க வலிமை காட்ட வேண்டுவது. இவ்விரண்டையும் இணக்குவதே கியர்ப் பெட்டியின் தொழில். தொடக்கத்தில் ஓட்டுபவரே காலால் கிளச்சை மிதித்துக் கையால் கியரை மாற்றி வந்தார். அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் வண்டிகளில் 1939ஆம் ஆண்டின் இறுதியில், 1940ஆம் ஆண்டு மாதிரிக்கென, ஹைட்ராமாட்டிக் என்னும் கியர்ப் பெட்டி விற்பனைக்கு வந்தது. ஓட்டுபவரின் கையும் காலும் வேண்டாமலே கியரை மாற்றிக்கொண்டது அது. அதன்பின் 1950ஆம் ஆண்டில் செவர்லே வண்டிகளில் பவர்கிளைடு என்னும் எளிய பெட்டி தோன்றியது. அதன் உற்பத்தி 1973ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. எனினும் பந்தய வண்டிகளில் அஃது இன்றும் பயன்படுவதால், அதற்குரிய உறுப்புகள் இன்றும் கிடைக்கின்றன.

இப்பெட்டியின் அமைப்பு வியப்புக்குரியது. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையே டார்க் கன்வெர்ட்டர் என்னும் உறுப்பு உள்ளது. எண்ணெய் நிறைந்த ஒரு கலத்துள் இரண்டு விசிறிகள் ஒன்றையொன்று நோக்கி நிற்பதாகக் கருதின் அதன் இயல்பு விளங்கும். எஞ்சின் ஒரு விசிறியைச் சுழற்ற, அவ்விசிறி வீசும் எண்ணெய் மற்றதைச் சுழற்றும். இடையில் உள்ள மூன்றாவது சிறு விசிறி, மீளும் எண்ணெயைத் திருப்பிவிட்டு விசையைப் பெருக்கும். இம்முறையைக் கண்டவர் ஜெர்மானியப் பொறியியல் அறிஞரான ஹெர்மன் ஃபேட்டிங்கர். 1905ஆம் ஆண்டில் அவர் இதற்கு உரிமை பெற்றபோது கருதியது கப்பலையே, மோட்டார் வண்டியையன்று.

கன்வெர்ட்டருக்கு அப்பால் உள்ளவை கோட்சக்கரங்கள். நடுவே ஒரு பற்சக்கரம், அதனைச் சுற்றிவரும் சிறு சக்கரங்கள், அவற்றைச் சூழ்ந்து ஒரு வளையச் சக்கரம் என இவை அமையும். இவற்றுள் ஒன்றைப் பிடித்து நிறுத்தினால் ஒரு கதி. இரண்டைச் சேர்த்துப் பிணித்தால் மற்றொரு கதி. பவர்கிளைடில் முன்செல்லும் கதிகள் இரண்டே. தாழ்ந்த கதிக்கு ஓர் உருளையைச் சுற்றிய பட்டை இறுகும். மேற்கதிக்கு அப்பட்டை தளர, கிளச்சுத் தகடுகள் இறுகும். இறுக்குவதும் தளர்த்துவதும் எண்ணெயின் அழுத்தமே. எப்போது மாற்றுவது என முடிவு செய்வதும் அதுவே. வண்டியின் வேகத்தை உணர்த்தும் அழுத்தம் ஒரு புறமும், ஓட்டுபவரின் மிதியை உணர்த்தும் அழுத்தம் மறுபுறமுமாக ஒரு சிறு வால்வைத் தள்ளும். வேகம் வென்றால் மேற்கதி. மிதி வென்றால் தாழ்கதி. மின்னணுக் கணிப்பொறி ஒன்றும் இன்றி, எண்ணெயைக் கொண்டே இவ்வளவும் நிகழ்வது மனித அறிவின் மாட்சியன்றோ?

1964ஆம் ஆண்டில் செய்யப்பட்ட செவர்லே வண்டி ஒன்றை உடைய ஒருவரைக் கருதுக. வண்டியின் புகைக்குழாயில் வெண்புகை வருகிறது. கியர்ப் பெட்டியின் எண்ணெயோ நாளுக்கு நாள் குறைகிறது. தரையில் ஒரு சொட்டும் காணப்படவில்லை. அவர் காரணத்தை ஆராயவில்லை. குறைந்த எண்ணெயை அவ்வப்போது ஊற்றி வருகிறார். ஒருநாள் ஊற்ற மறந்து நெடுந்தொலைவு செல்கிறார். மேட்டில் ஏறும்போது எஞ்சின் முழங்குகிறது; வண்டி நகரவில்லை. அளவுகோலை எடுத்துப் பார்த்தால், செந்நிறமாய் இருக்க வேண்டிய எண்ணெய் கருகி, தீய்ந்த மணம் வீசுகிறது. கிளச்சுத் தகடுகள் எரிந்துபோயின.

இனிப் பிரித்தே தீர வேண்டும். ஈண்டு அறிவில்லாதவன் செய்வது ஒன்று. அறிவுடையவன் செய்வது ஒன்று. அறிவில்லாதவன் எரிந்த தகட்டை நீக்கிப் புதுத் தகட்டை வைப்பான். அறிவுடையவன், ‘தகடு ஏன் எரிந்தது?’ என்று கேட்பான். எண்ணெய் குறைந்ததால் எரிந்தது. எண்ணெய் எங்கே சென்றது? தரையில் சிந்தாத எண்ணெய் எஞ்சினுக்குள் சென்றிருத்தல் வேண்டும். எவ்வழியே? பெட்டியின் பக்கத்தில் சிறு தகரக் குப்பிபோன்ற மாடுலேட்டர் என்னும் உறுப்பு உண்டு. எஞ்சினின் உறிஞ்சு விசைக்கு ஏற்ப எண்ணெயின் அழுத்தத்தை மாற்றுவது அது. அதனுள் உள்ள மெல்லிய ரப்பர்த் திரை கிழிந்தால், எஞ்சின் கியர்ப் பெட்டியின் எண்ணெயை உறிஞ்சி எரித்துவிடும். அதுவே வெண்புகை. கிழிந்தது சிறு திரை, அழிந்தது பெரும்பெட்டி. அத்திரையை மாற்றாது தகடுகளை மட்டும் மாற்றியிருந்தால், புதுத் தகடுகளும் எரிந்தே போகும். விளைவைத் திருத்திக் காரணத்தை விட்டுவிடுதல் பழுது பார்த்தல் ஆகாது. இப்பாடம் மோட்டார் வண்டிக்கு மட்டும் உரியதன்று. மருத்துவத்துக்கும் ஆட்சிக்கும் குடும்ப வாழ்வுக்கும் உரியது.

பிரிக்கும் வேலை வலிமையைவிட ஒழுங்கையே பெரிதும் வேண்டுகிறது. முதற்கண் வண்டியை உயர்த்தி, ஜாக்கியை மட்டும் நம்பாது, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்த வேண்டும். இதில் சோம்பியவர் உயிரிழந்ததும் உண்டு. கழற்றிய உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே பரப்பி வைத்தல் வேண்டும். வால்வுத் தொகுதியின் நுண்வாய்க்கால்களில் ஒரு நூலிழை தங்கினும் வால்வு சிக்கிக்கொள்ளும். ஆதலின் பிசிர் விடும் கந்தைத் துணி அங்கே ஆகாது. புதுத் தகடுகளைப் பூட்டுமுன் எண்ணெயில் ஊறவைத்தல் வேண்டும். பட்டையைக் குறித்த அளவுக்கு இறுக்கி, பின்பு எண்ணி நான்கு சுற்றுத் தளர்த்தல் வேண்டும். ‘ஏறக்குறைய’ என்னும் சொல்லுக்கு அங்கே இடமில்லை.

அவர் இவ்வளவும் செய்து வண்டியை ஓட்டிப் பார்க்கிறார். குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடுகிறது. எண்ணெய் சூடேறியதும் மேற்கதி வழுக்குகிறது. பல வார உழைப்பு வீணாயிற்று. அப்போது அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுகிறது. ‘வாங்க வருபவர் வண்டியைச் சிறிது தூரமே ஓட்டிப் பார்ப்பார். அதற்குள் குறை வெளிப்படாது. விற்றுவிட்டால் என்ன?’ என்பதே அவ்வெண்ணம். அவரைத் தடுக்க அங்கே ஒருவரும் இல்லை. பழுது பார்ப்பவரின் கல்வி உண்மையில் சோதிக்கப்படுவது இவ்விடத்தில்தான். தம் கையால் நேர்ந்த குறையைப் பிறர் தலையில் கட்டுபவர் எத்துணைக் கைத்திறன் உடையவராயினும் தொழில் அறிந்தவர் ஆகார். பெட்டியை மீண்டும் இறக்கிப் பிரிப்பவரே தொழில் அறிந்தவர். அவ்வாறு பிரிக்கும்போது, கிளச்சினுள் வைத்த ரப்பர் வளையத்தின் விளிம்பு பூட்டுகையில் மடங்கிப் போனதை அவர் காண்பார். குளிர்ந்த எண்ணெய் தடிப்பாக இருந்தமையால் அதுவரை அழுத்தம் ஒருவாறு நின்றது. சூட்டில் எண்ணெய் இளகவே அழுத்தம் கசிந்தது. குறை சிறிது; அவசரமே அதன் காரணம். இயந்திரத்தினிடம் முகமன் செல்லாது, சாக்குப்போக்கும் செல்லாது. தன் பிழையைத் தானே காணுமாறு மனிதனைப் பயிற்றும் ஆசிரியர்களுள் இயந்திரமும் ஒன்று.

பொறுமைக்கு இறுதியிலும் ஒரு சோதனை உண்டு. பெட்டியை வண்டியில் ஏற்றுமுன், கன்வெர்ட்டர் பெட்டியின் பம்போடு முற்றப் பொருந்தி அமர வேண்டும். அமராத நிலையில், ‘மரையை முடுக்கினால் தானே உள்ளே செல்லும்’ என்று கருதி முடுக்கினால், பம்பு உடையும். இடைவெளி இருப்பின் முடுக்குவதை நிறுத்திக் காரணம் காண்பவரே உழைப்பின் பயனை அடைவார்.

இதனை மறுத்து உரைப்பாரும் உளர். ‘பணம் கொடுத்தால் வல்லுநர் செய்து தருவார்; அக்காலத்தில் ஒருவர் தம் சொந்தத் தொழிலைச் செய்து அதனினும் மிகுதியாக ஈட்டலாமே’ என்பர். இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. எல்லாரும் எல்லாத் தொழிலும் செய்தல் இயலாது. தமக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் கொண்டு பிறர் உயிருக்கு இடர் விளைத்தலும் தகாது. ஆயினும், காலத்தைக் காசாக மட்டும் எண்ணுபவர் ஒன்றை மறந்தனர். வல்லுநர் செய்து தருவது வண்டியை. தாமே செய்பவர் பெறுவது வண்டியோடு அறிவையும். தம் பொருளின் உள்ளமைப்பை ஓரளவேனும் அறிந்தவரை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது. உழைப்பின் அருமை அறிந்தமையால், தமக்கு உழைக்கும் தொழிலாளியையும் அவர் மதிப்பார்.

மற்றொரு தடையும் இக்காலத்தில் எழுந்துள்ளது. இன்றைய கியர்ப் பெட்டிகளைக் கணிப்பொறி ஆள்கிறது. எண்ணெய் அளவு காணும் கோல்கூட இல்லாத பெட்டிகள் பல. குறை காணுதற்குரிய செய்திகளைத் தருவதும் மறுப்பதும் செய்தவர் கையில் இருப்பின், வாங்கியவரின் உரிமை பெயரளவில் நின்றுவிடும். இதனை உணர்ந்தே, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012ஆம் ஆண்டிலும் 2020ஆம் ஆண்டிலும், பழுது பார்க்கும் உரிமையைக் காக்கும் சட்டங்களுக்கு ஆதரவாகப் பெரும்பான்மையாக வாக்களித்தனர். உற்பத்தியாளர் தம் பணிமனைகளுக்குத் தரும் செய்திகளைப் பிற பணிமனைகளுக்கும் உரிமையாளருக்கும் தருதல் வேண்டும் என்பதே அவர்கள் வேண்டியது. கள்வர்க்கு இடமாகும் என அஞ்சுவோர் கூற்றையும் ஆராய்தல் தக்கதே. ஆயினும், பூட்டுக்கு அஞ்சி வீட்டுக்குரியவனிடமே திறவுகோலை மறுத்தல் முறையாகாது.

பொருள்களைப் பிரித்துப் பார்ப்பது சிறுவர்களின் இயல்பு. அவ்வியல்பு பெரியவர்களிடத்தில் மங்கிவிட்டால், நாட்டில் பொருள்கள் பெருகும், பொருளறிவு குன்றும். பழுதுற்றது யாவும் குப்பைக்குச் செல்லும். குறைக்குக் காரணம் தேடும் பழக்கமும் அதனோடு செல்லும். ஒரு கொட்டகையில் ஒருவர் இரண்டாம் முறையாகப் பெட்டியை இறக்குகையில், விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுவன் அருகே நின்றால், அவன் கற்பது கியர் மாறும் வகையை மட்டுமன்று. பிழையை மறைக்காது திருத்தும் வகையையும் கற்கிறான். செப்பமாகிய வண்டி இன்னும் சில ஆண்டுகளில் தேய்ந்து போகலாம். அச்சிறுவன் கற்றது அவனோடு வளரும்.