எமது வீட்டில் இருக்கவேண்டிய நூல்கள்

"சுவாமி, பிள்ளைகளோடு இருந்து வாசிக்க, பார்க்க நல்லதாக ஏதாவது சொல்லுங்கோ" என்று பெற்றோர் பலர் கேட்கின்றனர். 1990ஆம் ஆண்டு வன்செயல்களிலும் 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளிலும் வீடு வளவை இழந்த கல்முனைக் கரையோரக் குடும்பங்களுக்கு இது வெறும் பொழுதுபோக்குப் பற்றிய கேள்வியன்று.

இன்று கைத்தொலைபேசியில் வந்து குவியும் பிரசங்கங்கள் பலவற்றில் ஒரே பல்லவிதான் கேட்கிறது: விசுவாசம் உள்ளவன் செழிப்பான், இழந்தவனிடம் ஏதோ குற்றம் இருக்கிறது. பிள்ளையையும் காணியையும் பறிகொடுத்த ஒரு தாய் இதை நம்பிவிட்டால், துயரத்தோடு பழியையும் சேர்த்துச் சுமக்கிறாள். ஆகவே, அட்டையில் சிலுவை இருக்கிறதா என்று பார்த்து நூலைத் தெரிவுசெய்வது போதாது. துன்பப்பட்டவரைப் பழிக்காமல், அவரோடு உடனிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த அளவுகோலின்படி சிலவற்றைப் பரிந்துரைக்கிறேன்.

முதலாவது, திருவிவிலியத்திலுள்ள ரூத்து நூல். நான்கே அதிகாரங்கள்தான். 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பில் பிள்ளைகளும் இலகுவாக வாசிப்பார்கள். பஞ்சத்தினால் பெத்லகேமை விட்டு மோவாபு நாட்டுக்குப் போன குடும்பம் அது. கணவனும் இரு மக்களும் அங்கேயே இறந்துவிட, வாற்கோதுமை அறுவடைக் காலத்தில் நகோமி வெறுங்கையோடு ஊர் திரும்புகிறாள். உடன்வந்த அந்நிய நாட்டு மருமகள் ரூத்து, வயலில் கதிர் பொறுக்கி மாமியைக் காப்பாற்றுகிறாள். நகோமி கடவுள்மேல் மனக்கசப்போடு முறையிடுகிறாள். அதற்காக அவளை யாரும் கண்டிக்கவில்லை. இறுதியில் குடும்பத்துக் காணி விடயம் நகர வாயிலில் பத்து மூப்பர் முன்னிலையில் பேசித் தீர்க்கப்படுகிறது. காணி உறுதியைத் தொலைத்துவிட்டு அலுவலகப் படியேறும் எமது மக்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

இரண்டாவது, எஸ்தாக்கியார் நாடகம். மன்னார், யாழ்ப்பாணப் பகுதிக் கத்தோலிக்கர் ஆடிவந்த பழைய கூத்து. உரோமைத் தளபதி ஒருவர் திருமுழுக்குப் பெற்றபின் வேலையாட்களையும் மந்தைகளையும் செல்வத்தையும் இழக்கிறார். இரவோடிரவாகக் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போகிறார். வழியில் மனைவியும் மக்களும் பிரிந்துவிட, அந்நிய ஊரில் கூலிக்கு வயல்காவல் காக்கிறார். அவருடைய மக்களை மிருகங்களின் வாயிலிருந்து மீட்பவர்கள் மந்தை மேய்ப்போரும் ஏர் உழுவோருமே. இது வரலாறு என்பதைவிட வாய்வழி வந்த பழங்கதை எனலாம். ஆயினும், நல்லவனும் எல்லாவற்றையும் இழக்கலாம் என்பதை எமது முன்னோர் விடியவிடிய ஆடிப் பாடிப் பிள்ளைகளுக்குப் புகட்டினார்கள்.

பாட்டென்று வரும்போது தவக்கால வியாகுல பிரசங்கத்தை மறக்கக்கூடாது. ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த காலத்தில், கோவாவிலிருந்து வந்து உழைத்து 1742இல் இந்நாட்டிலேயே மரித்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியின் படைப்பு இது. ஒருவர் இராகத்தோடு வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கண்ணீர் விடுவது வழக்கம். அழுவது அவிசுவாசம் அல்ல என்று எமக்குக் கற்பித்தது இந்த மரபே.

அடுத்து, பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணனின் 'வேளாண்மை' காவியம். அவர் 1975இல் மறைந்தபின் 1982இல் நூலாக வந்தது. எமது பகுதி உழவர் வாழ்வும் பேச்சும் அதிலே உண்டு. முகாமிலும் வாடகை வீட்டிலும் வளர்ந்த பிள்ளைக்குக் களவெட்டி என்றால் என்ன, சூடு மிதிப்பது எப்படி என்று தெரியாது. தாத்தா பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுக்க இந்நூல் நல்ல வாய்ப்பு. இதனுடன் கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமான் மொழிபெயர்த்து 1981இல் வெளிவந்த 'பலஸ்தீனக் கவிதைகள்' நூலையும் வாசியுங்கள். இவை கிறிஸ்தவ நூல்கள் அல்லவே என்று சிலர் தயங்கலாம். அந்நியப் பெண்ணாகிய ரூத்துக்குத் திருநூலே இடம் கொடுத்திருக்கிறது. அதே கடற்கோளில் அயலூர் முஸ்லிம் குடும்பங்களும் எம்மைப்போலவே பிள்ளைகளைப் புதைத்தன. அயலவனின் நூலை வாசிக்காத வீட்டில் அயலவனைப் பற்றிய வதந்திதான் வாசிக்கப்படும்.

திரைப்படங்களில், இத்தாலிய இயக்குநர் பசோலினி 1964இல் எடுத்த மத்தேயு நற்செய்திப் படத்தைச் சொல்வேன். தென் இத்தாலியின் வறிய ஊர்களில் எடுக்கப்பட்டது. நடித்தவர்கள் பெரும்பாலும் தொழில்முறை நடிகர்கள் அல்லர். வெயிலில் உழைத்துக் காய்ந்த முகங்கள். பசோலினி இறைநம்பிக்கையாளர் அல்லர். எனினும் திருத்தந்தை 23ஆம் யோவானின் நினைவுக்கு இப்படத்தை அர்ப்பணித்தார். 1995இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலிலும் இது இடம்பெற்றது. பேசும் மொழி புரியாவிட்டால், மத்தேயு நற்செய்தியை முதல்நாள் வாசித்துவிட்டுப் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும் ஒவ்வொரு குடும்பமும் வாங்குவது இயலாது. ஐந்து ஆறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு நூலை வாங்கி மாற்றி மாற்றி வாசிக்கலாம். 'நூலகம்' இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளையிடம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். வாரத்தில் ஓர் இரவு, செபமாலை முடிந்தபின் அரைமணி நேரம் ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டியையும் அருகில் இருத்துங்கள். வாசிப்பு முடிந்ததும் முதலில் பேசவேண்டியவர் அவரே.